ஆம்னி பஸ்ஸில் ‘ஆம்னி’ எது?

கேள்வி: வெளியூர் செல்லும் தனியார் பேருந்துகளை ‘ஆம்னி பஸ்’ என்கிறோம். ஆம்னி என்பது ஏதேனும் நிறுவனத்தின் பெயரா?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: நிறுவனத்தின் பெயர் அன்று. ஆம்னி, பஸ் இரண்டும் ஒரே லத்தீன் சொல்லின் துண்டுகள். ‘ஆம்னிபஸ்’ என்றால் ‘எல்லோருக்கும்’ என்று பொருள். இதில் ‘எல்லாம்’ என்னும் பொருளைத் தாங்கி நிற்பது ‘ஆம்னி’ மட்டுமே. ‘பஸ்’ என்பது நம் நான்காம் வேற்றுமையின் ‘கு’வுக்கு நிகரான வெறும் உருபு.

பிரான்சின் நான்த் நகருக்கு வெளியே மாவு ஆலையும், அதன் நீராவி எஞ்சினின் வெந்நீரைக் கொண்டு ஒரு குளியலகமும் நடத்திய ஸ்தனிஸ்லாஸ் போத்ரி, வாடிக்கையாளர்களை அழைத்துவர 1826இல் குதிரை வண்டிகளை விட்டார். குளிக்க வருவோரைவிட வழியில் ஏறி இறங்குவோரே மிகுதி என்று கண்டதும், வண்டித் தொழிலையே பெரிதாக்கினார். வண்டி புறப்பட்ட இடத்தில் ஒம்னெஸ் என்பவரின் தொப்பிக் கடை இருந்ததென்றும், அவர் பெயரை வைத்து அதன் பலகையில் எழுதியிருந்த சிலேடையிலிருந்தே வண்டிக்கு ‘ஆம்னிபஸ்’ என்னும் பெயர் வந்ததென்றும் ஒரு கதை உண்டு. சுவையான கதைதான், ஆனால் உறுதியான சான்று இல்லை.

‘எல்லோருக்கும்’ என்பது அக்காலத்தில் வெறும் அலங்காரச் சொல் அன்று. 1662இல் கணித மேதை பாஸ்கலின் யோசனைப்படி பாரிசில் ஐந்து சூ (அக்காலப் பிரெஞ்சு நாணயம்) கட்டணத்தில் ஓடிய வண்டிகளில், படைவீரர்களும் பணியாட்களும் கூலித் தொழிலாளர்களும் ஏறக் கூடாதென்று அந்நகரின் உயர் நீதிமன்றமே விலக்கி வைத்திருந்தது. அந்தச் சேவை நீடிக்கவில்லை.

1829 ஜூலை 4 அன்று ஜார்ஜ் ஷில்லிபியர், மூன்று குதிரைகள் இழுக்க, 22 பேர் அமரக்கூடிய வண்டியை லண்டனில் பாடிங்டனிலிருந்து பேங்க் என்னும் பகுதி வரை ஓட்டினார். அதன் பக்கவாட்டில் ‘ஆம்னிபஸ்’ என்றே எழுதியிருந்தது. சில ஆண்டுகளிலேயே ஆங்கிலேயர் பொருளுள்ள பகுதியைக் கழற்றிவிட்டு உருபை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மினிபஸ், ட்ராலிபஸ், வானில் பறக்கும் ஏர்பஸ் எல்லாம் அந்த உருபின் வாரிசுகளே.

நம் நாட்டின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் முழுச்சொல்லையும் காப்பாற்றி வைத்திருக்கிறது: ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றிச்செல்லும்படி அமைந்த மோட்டார் வாகனம் எதுவும் ‘ஆம்னிபஸ்’தான். தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கிலோ அது தொலைதூரத் தனியார் பேருந்தை மட்டும் குறிப்பதாகச் சுருங்கிவிட்டது. தீபாவளிக் கட்டணத்தைப் பார்க்கிறவர்களுக்கு அதன் லத்தீன் பொருளில் ஐயம் எழலாம். சட்டப்படி நீங்கள் அன்றாடம் ஏறும் நகரப் பேருந்தும் ஆம்னி பஸ்தான்.