முதிரும் எஃப்டி பணத்தில் சோலார் போடலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் திருச்சியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். கணவர் ஓய்வு பெற்றுவிட்டார். நான் தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். கோடையில் இரண்டு பில் தலா 780 யூனிட், 4,600 ரூபாய் வருகிறது. மற்ற நான்கு பில்லும் 540 யூனிட், 2,400 ரூபாய். அடுத்த மாதம் 3.2 லட்ச ரூபாய் எஃப்டி முதிர்கிறது. சோலார்காரர் 5 கிலோவாட் போடச் சொல்கிறார். 3.1 லட்சம் ஆகுமாம். மானியம் 78,000 போக 2.32 லட்சம். வங்கியில் 'பசுமை டெபாசிட்'டில் போடுங்கள் என்கிறார்கள். மகளின் முதுகலைப் படிப்புக்கு வரும் ஜூனில் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும். நிலக்கரி எரிப்பது குறைய நம்மால் ஆனதைச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. என்ன செய்யலாம்?
- வாசகி, திருச்சி

பதில்: 5 கிலோவாட் உங்களுக்கு வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் ஆறு பில்லையும் கூட்டினால் வருடத்துக்கு 3,720 யூனிட். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் நாளைக்குச் சுமார் 4 யூனிட், வருடத்துக்கு 1,400 யூனிட் தரும். 5 கிலோவாட் என்றால் 7,000 யூனிட். உங்கள் தேவையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மிஞ்சுவது மின்வாரியத்தின் கம்பிக்குப் போய் அடுத்த பில்லில் கழியும், உண்மைதான். ஆனால் அடுத்த பில்லிலும் மிஞ்சத்தானே செய்யும்? அதை வருமானம் என்று கணக்கில் எழுதாதீர்கள்.

மானியத்தையும் பாருங்கள். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. அதோடு சரி. நான்காவதும் ஐந்தாவதும் முழுக்க உங்கள் கைக்காசு.

தமிழ்நாட்டில் பார்க்க வேண்டிய இன்னொரு கணக்கும் இருக்கிறது. இங்கே வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். அதனால் சோலார் போக மீதி 100 யூனிட்டுக்குள் வந்தாலே போதும். அதைப் பூஜ்யமாக்கக் கூடுதல் பேனல் வாங்கினால், இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்குவதாக ஆகும். 2 கிலோவாட் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் தரும். உங்கள் 540இல் அது போனால் மீதி 60. பில் இல்லை.

ஆனால் சோலாருக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மேலே பாருங்கள், எத்தனை ஃபேன் ஓடுகிறது? பழைய சீலிங் ஃபேன் ஒன்று 70, 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்னும் சிக்கன மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட் சுமாருக்கு அதே காற்றைத் தரும். நான்கு ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 115 யூனிட் குறையும். 540 அப்போது 425 ஆகிவிடும். இதில்தான் பெரிய லாபம்: 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் போவதோடு, முதல் யூனிட்களுக்குக் கிடைக்கும் சலுகை விலையும் போய்விடுகிறது. 500க்கும் 510க்கும் பத்து யூனிட்தான் வித்தியாசம், பில்லில் 300 ரூபாய்க்கு மேல் ஏறும். உங்களுக்கு ஒவ்வொரு பில்லிலும் ஆயிரம் ரூபாய் அளவில் மிஞ்சும். நான்கு ஃபேனுக்கு 12,000 ரூபாய் செலவு என்று வைத்தால் இரண்டே வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். இவ்வளவு வேகமாகப் பணம் திரும்பும் இடத்தை ஆலோசகனாக நான் அதிகம் பார்த்ததில்லை.

ஃபேன் மாற்றிய பிறகு பில் ஏற்கெனவே இறங்கியிருக்கும். அதனால் சோலார் மட்டும் தனியாகப் பணத்தைத் திருப்ப ஆறு வருடம் பிடிக்கும். இதைச் சோலார் விற்பவர் சொல்ல மாட்டார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 2 கிலோவாட்டை 1.35 லட்சத்துக்குப் போட்டு 60,000 மானியம் போக 75,000, ஃபேனுக்கு 12,000, ஆக 87,000 ரூபாய். வருடத்துக்கு மிச்சம் 18,000 ரூபாய் அளவில். ஐந்து வருடத்துக்குள் போட்ட முதல் கைக்கு வந்துவிடும். பேனல் அதன்பின் இருபது வருடம் ஓடக்கூடியது. எஃப்டி வட்டிக்கு வரி உண்டு, குறைந்த கரண்ட் பில்லுக்கு வரி கிடையாது. ஆனால் எஃப்டியில் கடைசியில் முதல் திரும்பி வரும், பேனலில் வராது. பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் சோலார் இன்வெர்ட்டரை நடுவில் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். மிச்சத்திலிருந்து மாதம் 200 ரூபாய் அதற்கென்று ஒதுக்குங்கள்.

பசுமை டெபாசிட் நல்ல யோசனைதான். ரிசர்வ் வங்கி 2023 ஜூனிலிருந்து அதற்கு விதிமுறை வைத்திருக்கிறது. அந்தப் பணத்தை வங்கி காற்றாலை, சோலார் போன்றவற்றுக்குத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் ஸ்டேட் பாங்க் 2024இல் தொடங்கியது 1,111 நாளில் ஆரம்பிக்கிறது. ஜூனில் கட்ட வேண்டிய ஃபீஸை மூன்று வருடத்துக்குப் பூட்டி வைக்க முடியுமா? ஒன்றரை லட்சத்தைக் குறுகிய கால எஃப்டியில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். மீதி 1.7 லட்சத்தில் ஃபேனும் சோலாரும் முடியும். கடன் தேவையில்லை. முழுத் தொகையையும் நீங்கள் முதலில் கட்ட வேண்டும், மானியம் பிறகுதான் உங்கள் கணக்குக்கு வரும். அந்த 60,000ஐ நம்பி ஃபீஸுக்குத் திட்டமிடாதீர்கள்.

உங்கள் ஆசையைப் பற்றி. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 2 கிலோவாட் பேனல் வருடத்துக்கு இரண்டு டன்னைத் தடுக்கும். நான்கு ஃபேன் இன்னும் அரை டன். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சேற்றில் இறங்கி மீனவர்கள் வலை போடுவதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டு யூனிட் குறைவது அவர்களுக்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம், மானியத்தில் போடும் சோலார் பொதுவாக ஆன்-கிரிட் வகை, அதாவது வாரியத்தின் கம்பியோடு சேர்ந்தே ஓடுவது. கரண்ட் போனால் வெயில் அடித்தாலும் அது நின்றுவிடும். லைனில் வேலை செய்பவர் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பவர்கட்டுக்குப் பழைய பேட்டரி இன்வெர்ட்டரை விற்றுவிடாதீர்கள். திட்டத்தின் இணையதளத்தில் பதிவு பெற்றவரிடம், இந்தியாவில் செய்த பேனல்தான் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அது இல்லாவிட்டால் மானியம் கிடையாது. சோலாருக்கென்று வாரியம் தனிக் கட்டணம் ஏதும் பிடிக்குமா என்பதைப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

2 கிலோவாட்டுக்கு 200 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் காலை ஒன்பதுக்கும் மாலை மூன்றுக்கும் மாடியில் ஏறித் தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழலும் எங்கே விழுகின்றன என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுப் பாருங்கள். மார்கழியில் நிழல் இன்னும் நீளும்.