இரண்டாவது கன்டெய்னர்

அன்புள்ள ஐயா,

உடுமலை, பொள்ளாச்சி வட்டாரத்தில் காயர் பித் (தேங்காய் நார்க்கழிவுத் துகள்) தொழில் செய்யும் இளைஞர்களுக்கு எங்கள் அமைப்பு ஏற்றுமதிப் பயிற்சி தருகிறது. ஐஇசி (ஏற்றுமதி, இறக்குமதிக்கான பதிவு எண்) எடுப்பது, ஆவணங்கள் தயாரிப்பது, வெளிநாட்டு வாங்குநரைத் தேடுவது எல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம். சிலர் முதல் கன்டெய்னரை அனுப்பியும்விட்டார்கள். ஆனால் அதே வாங்குநரிடமிருந்து இரண்டாவது ஆர்டர் யாருக்கும் வரவில்லை. இலங்கைக்காரர்களின் விலையோடு போட்டியிட முடியவில்லை என்கிறார்கள். நாங்கள் வேறு என்ன செய்ய வேண்டும்?

ஆர்.
உடுமலைப்பேட்டை

அன்புள்ள ஆர்.,

விலைதான் தடை என்றால் முதல் ஆர்டரே வந்திருக்காது. ஒருமுறை வாங்கியவர் மறுபடி வாங்கவில்லை என்றால் சரக்கைத்தான் பார்க்க வேண்டும். ஆவணங்களை ஒரு நல்ல கஸ்டம்ஸ் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். பயிற்சியில் பாதி நேரம் அதற்கே போகிறது என்றால் அதைக் குறைத்துவிடுங்கள்.

நெதர்லாந்திலோ கொரியாவிலோ பசுமைக்குடிலில் தக்காளி வளர்ப்பவருக்கு நம் பித் என்பது மண்ணுக்குப் பதிலான ஒன்று. எந்த உரம் எவ்வளவு என்று அவர் கணக்குப்போட்டுத்தான் கொடுக்கிறார். பித்தில் உப்பு கூடக்குறைய இருந்தால் அந்தக் கணக்கு முழுவதும் கெட்டுவிடும். அதனால்தான் ஈசி (மின்கடத்துதிறன், உப்பு கூடினால் இந்த எண்ணும் கூடும்) பற்றி முதலில் கேட்கிறார்கள்.

பெரும்பாலான தகராறு தொடங்குவதும் இந்த ஈசியில்தான். "0.5க்குக் கீழ்" (மில்லிசீமன்ஸ் கணக்கில்) என்று ஒப்புக்கொள்கிறார்கள், எந்த முறையில் அளந்து 0.5 என்று யாரும் எழுதுவதில்லை. நெதர்லாந்து முறையில் ஒரு பங்கு ஈரப் பித்துக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர். வேறு முறைகளில் ஐந்து பங்கு தண்ணீர் ஊற்றுவார்கள். தண்ணீர் கூடினால் உப்பு நீர்த்து எண் இறங்கும். நம் களத்தில் ஐந்து பங்குத் தண்ணீரில் 0.4 காட்டிய அதே பித் அங்கே 1 காட்டலாம். இருவர் அளந்ததிலும் பிழை இல்லை, ஆனால் சரக்கு நிராகரிக்கப்படும். ஆகவே புரோஃபார்மா இன்வாய்ஸிலேயே (சரக்கு அனுப்புமுன் தரும் விலைப்பட்டியல்) அளக்கும் முறை, எந்த ஆய்வகத்தின் முடிவு செல்லும், சரக்கு இறங்கி எத்தனை நாளுக்குள் புகார் சொல்லலாம் என்ற மூன்றையும் எழுதச் சொல்லுங்கள்.

நெதர்லாந்து முறையில் அளப்பது கடினமல்ல. குவியலின் மேல், நடு, அடி என்று பத்து இடங்களில் கைப்பிடி எடுத்து ஒரு தார்ப்பாயில் கொட்டிக் கலக்க வேண்டும். பிழிந்தால் விரலிடுக்கில் நீர் கசிகிற பதத்துக்கு நனைக்க வேண்டும். அளவுக் குவளையில் 150 மில்லி காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, நீர்மட்டம் 250 மில்லிக்கு ஏறும்வரை அந்தப் பித்தைப் போட வேண்டும். இருபது நிமிடம் குலுக்கி, வடிகட்டி, மீட்டரை வைக்கலாம். மீட்டரை அன்றன்று 1413 மைக்ரோசீமன்ஸ் கரைசலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். போர்த் தண்ணீரில் சோதிக்கக் கூடாது, அதன் உப்பும் கணக்கில் சேர்ந்துவிடும். கழுவுவதற்கும் இதே கதைதான். கழுவும் தண்ணீரின் ஈசியே 1.2 என்றால் எத்தனை முறை அலசினாலும் அந்த உப்பு பித்தில் தங்கும். லட்சக்கணக்கில் கடன் வாங்கி மெஷின் போட்டபின் இது தெரியவந்தால் அந்தக் குடும்பத்தின் நிலையை நினைத்துப் பாருங்கள். இடம் பார்க்கும்போதே தண்ணீரை அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, கழுவிய பித்தை "பஃபர் செய்தது" என்று விற்பது. கழுவினால் கரைந்து நிற்கும் உப்புதான் போகும். பித் துகளோடு ஒட்டிய பொட்டாசியமும் சோடியமும் அங்கேயே இருக்கும். விவசாயி கால்சியம் உரம் விட்டதும் பித் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு இவற்றை வெளியே விடும். செடிக்குக் கால்சியம் போதாமல் தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகும். கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓர் இரவாவது ஊறவைத்து மறுபடி அலசினால்தான் அது பஃபர். கால்சியம் நைட்ரேட் எவ்வளவு என்பதை ஆய்வக முடிவைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். சாதாரண ஈசி சோதனையில் இந்தக் குறை தெரியாது. பேரியம் குளோரைடு கரைசலில் பிரித்துப் பார்க்கும் சோதனை வேண்டும். கழுவி, ஊறவைத்து வெளியேறும் கழிவுநீர் ஊர்க் கிணற்றுக்குப் போகக் கூடாது. தமிழ்நாட்டில் 2021இல் காயர் பித் ஆலைகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில், மாசு கூடுதலான ஆரஞ்சு வகைக்கு மாற்றப்பட்டதன் பின்னணி இதுதான். கழிவுநீர்த் தொட்டிக்கும் தரைக்காப்புக்கும் ஆகும் செலவைச் சேர்க்காமல் விலை சொல்பவர் ஊர்த் தண்ணீரையும் சேர்த்து விற்கிறார்.

ஈரம் 15 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். 20 டன் சரக்கில் ஈரம் 25 சதவீதமானால் இரண்டு டன் தண்ணீருக்குக் கூடுதலாகக் கப்பல் வாடகை கட்டுகிறோம், பூஞ்சணமும் பிடிக்கும். ரொம்பக் காய்ந்தால் பிளாக் (அழுத்திய பித் கட்டி) உதிரும். மண் களத்தில் காயவைத்தால் மணலும் களை விதையும் சேரும். வாங்குநரின் குடிலில் கோரை முளைத்தால் அவர் நமக்குப் போன்கூடச் செய்யமாட்டார், வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

ஆனால் முதல் ஆர்டர் நன்றாகப் போய் இரண்டாவது கெடுவது பெரும்பாலும் ஒரே வழியில்தான். சொந்தக் களத்துச் சரக்கு போதாமல், தேதி நெருங்கியதும் பக்கத்து மஞ்சி (தேங்காய் நார்) மில்கள் நாலைந்தில் வாங்கி நிரப்புகிறார்கள். ஒன்று மழையில் கிடந்த பழைய குவியல், இன்னொன்று நேற்று அடித்த பச்சை மட்டை. ஒரே கன்டெய்னரில் நாலு விதமான ஈசி. சராசரி சரியாக வரலாம், ஆனால் செடி சராசரியில் வளர்வதில்லை.

இங்கேதான் உங்கள் அமைப்பு தேவைப்படுகிறது. பிரஸ் மெஷினுக்கு மானியம் வாங்கிக்கொடுப்பதைவிட, பத்துப் பேருக்குப் பொதுவாக ஒரு சிமென்ட் களமும் ஒரு சோதனை மேசையும் போடுங்கள். லாட் லாட்டாக (தொகுதி தொகுதியாக) சோதித்து, "இது போகாது" என்று சொல்லும் அதிகாரமுள்ள ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள். அவர் சரக்கு விற்கிறவரின் உறவுக்காரராக இருக்கக் கூடாது. ஒவ்வொரு பேலட்டிலும் லாட் எண் ஒட்டி, லாட்டுக்கு இரண்டு பிளாக்கை ஆறு மாதம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். புகார் வந்தால் பேசுவதற்கு அதுதான் ஆதாரம். நெதர்லாந்தின் ஆர்எச்பி சான்றுக்கு (செடி வளர்க்கும் ஊடகங்களுக்கான தரச் சான்று) போகிற நாளிலும் இந்தப் பதிவேடுகள் கைகொடுக்கும்.

இலங்கை விலையைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். அடுத்த பயிற்சியின் முதல் நாள், வெவ்வேறு மூன்று நாளில் எடுத்த பித்தை மூன்று வாளியில் கொண்டுவரச் சொல்லி, எல்லாருக்கும் முன்னால் அளந்து பலகையில் எழுதுங்கள். மூன்று எண்ணும் 0.1 வித்தியாசத்துக்குள் வருகிறவருக்கு முதலில் வாங்குநரின் முகவரியைக் கொடுங்கள். மற்றவர்களின் எண்கள் ஏன் அப்படி வரவில்லை என்று அவரவர் களத்துக்குப் போய்ப் பாருங்கள்.