மெட்ஃபார்மினோடு மரமஞ்சள் சேரலாமா?

கேள்வி: எனக்கு வயது 26. பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி) பிரச்சினைக்காகக் காலையும் இரவும் 500 மி.கி. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்துவருகிறேன். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய மரமஞ்சள் பொடியையும் வெந்நீரில் கலந்து குடிக்கும்படி அம்மா வற்புறுத்துகிறார். குடிக்கலாமா?

பதில்: அம்மாவின் எண்ணத்தில் நியாயம் இருக்கிறது, சகோதரி. மரமஞ்சள் கட்டைக்கு நிறத்தையும் கடுங்கசப்பையும் தரும் பெர்பெரின், மெட்ஃபார்மினைப் போலவே இன்சுலின் எதிர்ப்பை, அதாவது இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத நிலையைக் குறைப்பதாகச் சீனாவில் நடந்த சில ஆய்வுகள் காட்டியுள்ளன. மெட்ஃபார்மினுக்கே மூலம் காலேகா என்னும் ஐரோப்பியச் செடிதான். ஆனால், ஒரே வேலையைச் செய்யும் இரண்டைச் சேர்ப்பதால் பலன் இரட்டிப்பாகிவிடும் என்று கொள்ள முடியாது; குமட்டலும் வயிற்றுப்போக்கும் கூடலாம். அத்துடன், மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள் சிலவற்றைப் பெர்பெரின் தடுப்பதால், நீங்கள் எடுக்கும் வேறு மாத்திரைகளின் அளவும் இரத்தத்தில் ஏறக்கூடும். ஒரு தேக்கரண்டிப் பொடியில் பெர்பெரின் எவ்வளவு என்பதோ கடைக்குக் கடை மாறும்.

கருத்தரிக்கும் வாய்ப்பிருந்தால் மரமஞ்சள் வேண்டவே வேண்டாம். பெர்பெரின் சிசுவின் இரத்தத்தில் பிலிருபினை, அதாவது மஞ்சள் காமாலைக்குக் காரணமான நிறமியை உயர்த்தக்கூடியது. மாதவிடாய் தள்ளிப்போவதே வழக்கமாகிவிட்ட உங்களைப் போன்றோருக்குக் கருவுற்றதே தாமதமாகத்தான் தெரியவரும். அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது பொடிப் பொட்டலத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அதுவரை மாத்திரையை மட்டும், உணவுக்குப் பின், தவறாமல் எடுங்கள்.