டிஏசி வாங்கும் முன் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும் இருக்கின்றன. லேப்டாப்பின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து ஒயர் இழுத்து, ஆக்ஸில் கொடுத்துப் பாட்டு கேட்கிறேன். சார்ஜர் போட்டிருக்கும்போது 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல். நல்ல டிஏசி (லேப்டாப்பின் டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் பெட்டி) போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடையில் 45,000 ரூபாய்க்கு ஒன்றைக் காட்டினார்கள். 10,000 ரூபாய்க்குக் கிடைப்பதே போதும் என்கிறார் நண்பர். எதை வாங்கலாம்? வாங்கினால் அதிலுள்ள ஃபில்டர், வால்யூம் செட்டிங்குகளை எப்படி வைப்பது?

பதில்: உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. ஆனால் உறுமல் தனி விவகாரம். அதைக் கவனிக்காமல் டிஏசி வாங்கினால், 10,000 ரூபாய் டிஏசியிலும் உறுமும், 45,000 ரூபாய் டிஏசியிலும் உறுமும். அதனால் அதை முதலில் பார்த்துவிடலாம்.

பாட்டை நிறுத்திவிட்டு, வால்யூமை வழக்கமான அளவில் வைத்து, சார்ஜரைக் கழற்றுங்கள். உறுமல் சட்டென்று நின்றால் அது கிரவுண்ட் லூப். மூன்று பின் சார்ஜர் வழியாக லேப்டாப்புக்கு ஒரு எர்த் கிடைக்கிறது. ஆம்ப்ளிஃபயருக்கு அதன் பவர் கார்டு வழியாகவோ, அதில் மாட்டியிருக்கும் செட்-டாப் பாக்ஸின் கேபிள் வழியாகவோ இன்னொரு எர்த். இரண்டு எர்த்துக்கும் நடுவே இருக்கும் சின்ன வோல்டேஜ் வித்தியாசம் உங்கள் ஆடியோ ஒயரின் ஷீல்டு வழியாக ஓடுகிறது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஸ்பீக்கரில் 50, 100 ஹெர்ட்ஸில் உறுமலாகக் கேட்கிறது. மவுஸை நகர்த்தும்போது 'கீய்ங்' என்று மெல்லிய சத்தம் சேர்ந்து வந்தால், அது லேப்டாப்பின் உள் இரைச்சல். பெரும்பாலும் அதுவும் இதே வழியில்தான் வருகிறது.

யுஎஸ்பி டிஏசி இதைத் தானாகத் தீர்க்காது. யுஎஸ்பி கேபிளிலும் ஒரு கிரவுண்ட் ஒயர் இருக்கிறது. லூப் அதன் வழியாக அப்படியே தொடரும். விலை உயர்ந்த டிஏசி வாங்கியவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். செலவே இல்லாத வழியை முதலில் பாருங்கள்: லேப்டாப், ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுங்கள். பல வீடுகளில் இதிலேயே உறுமல் பாதிக்கு மேல் குறைந்துவிடும். அடுத்தது, செட்-டாப் பாக்ஸின் கேபிளைக் கழற்றிப் பார்ப்பது. அதற்கும் அடங்கவில்லை என்றால் ஆப்டிகல் கேபிள். ஒளியாகப் போவதால் அதில் கிரவுண்ட் என்ற பேச்சே இல்லை. இன்றைய லேப்டாப்புகளில் ஆப்டிகல் அவுட் அரிது, ஆனால் டிவியில் பெரும்பாலும் இருக்கும். டிவியிலிருந்து கொடுப்பதாக இருந்தால் அதன் ஒலி அமைப்பில் பிசிஎம் என்று மாற்றுங்கள். டால்பியில் விட்டுவைத்தால் ஸ்டீரியோ டிஏசிக்கு அது புரியாது.

லேப்டாப்தான் என்றால் யுஎஸ்பி ஐசொலேட்டர் (டேட்டாவை மட்டும் விட்டு, கிரவுண்ட் தொடர்பைத் துண்டிக்கும் சின்னப் பெட்டி) உதவும். மலிவு ஐசொலேட்டர்கள் பெரும்பாலும் நொடிக்கு 12 மெகாபிட் வேகத்துக்கு மட்டும் வந்தவை. அவற்றின் வழியே 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரைதான் போகும், சில டிஏசிகள் வேலையே செய்யாமலும் போகலாம். 480 மெகாபிட் என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

எர்த் பின்னை உடைத்தோ, டேப் ஒட்டியோ உறுமலை நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். உறுமல் நிற்கும்தான். ஆனால் உள்ளே இன்சுலேஷன் விட்டுப்போனால் 230 வோல்ட் ஆம்ப்ளிஃபயரின் உலோகப் பெட்டியில் வந்து நிற்கும்.

ஒருவேளை எல்லா ஒயரையும் கழற்றிய பிறகும் ஆம்ப்ளிஃபயர் தனியாக உறுமினால், அதன் பவர் சப்ளை கெப்பாசிட்டர்கள் வயதாகியிருக்கலாம். டிஏசி பணத்தில் கொஞ்சத்தை எடுத்து நல்ல மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

சரி, இப்போது டிஏசி. சிடியின் 16 பிட்டில் மிகச் சத்தமான இடத்துக்கும் இரைச்சலுக்கும் நடுவே சுமார் 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். 10,000 ரூபாய் அளவில் கிடைக்கும் டாப்பிங் டி10எஸ், எஸ்எம்எஸ்எல் எஸ்யு-1 போன்றவை அளவீட்டில் 110 டெசிபலைத் தாண்டுகின்றன. அதாவது நீங்கள் கேட்கும் பாட்டில் இருப்பதைவிட அதிகச் சுத்தத்தை இந்த விலையிலேயே தந்துவிடுகிறார்கள். ஃபேன் சுற்றும் அறையில், 45,000 ரூபாய் டிஏசி கூடுதலாகத் தரும் 10 டெசிபல் காதுக்கு எட்டாது. அந்த 35,000 ரூபாயை ஸ்பீக்கரில் போட்டால் எட்டும்.

டிஏசிக்குள் இருக்கும் சிப்பின் பெயரைப் பார்த்து வாங்க வேண்டாம். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகாவில் ஏகேஎம் நிறுவனத்தின் தொழிற்சாலை தீப்பிடித்து, அவர்களுடைய சிப் கிடைக்காமல் போனது. டாப்பிங் தன் டி90 மாடலை இஎஸ்எஸ் நிறுவனத்தின் சிப் போட்டு டி90எஸ்இ என்று மறுபடி கொண்டுவந்தது. அளவீட்டில் இரண்டுமே அருமை. சிப்பைச் சுற்றி இருக்கும் சர்க்யூட்டும் பவர் சப்ளையும் எப்படி இருக்கின்றன என்பதுதான் முக்கியம். எம்க்யூஏ என்ற பாட்டுக் கோப்பு வடிவத்தின் ஆதரவுக்காகவும் கூடுதல் பணம் தர வேண்டாம். அந்த நிறுவனம் 2023-இல் திவால் நிலைக்குப் போனது, டைடல் என்ற இணையப் பாட்டுச் சேவையும் 2024-இல் அதைக் கைவிட்டது.

அதிக விலைக்கு நியாயம் இருக்கும் இடங்களும் உண்டு. எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் கனெக்டர்) உள்ள, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கருக்குக் கொடுக்க வேண்டும், 300 ஓம் ஹெட்போனை இதே பெட்டியில் ஓட்ட வேண்டும், ரிமோட் வேண்டும், டிவியும் லேப்டாப்பும் சேர்ந்து மாட்ட வேண்டும் என்றால் அதற்கேற்பச் செலவு செய்யலாம். உங்களுக்கு ஆர்சிஏ அவுட் (சிவப்பு, வெள்ளை ஜாக்) போதும். டிவியையும் மாட்டும் எண்ணம் இருந்தால் ஆப்டிகல் இன்புட் இருப்பதாகப் பாருங்கள். டி10எஸ்ஸில் யுஎஸ்பி இன்புட் மட்டும்தான். இந்தியாவில் வாரன்டி தரும் விற்பனையாளரிடமே வாங்குங்கள்.

அப்புறம் செட்டிங். நிறையப் பேர் ஃபில்டர் மெனுவில்தான் நேரம் செலவழிக்கிறார்கள். ஷார்ப் ரோல்-ஆஃப், லீனியர் ஃபேஸ் என்று இருப்பதை வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். அது 20 கிலோஹெர்ட்ஸ் வரை எதையும் தொடாது. ஸ்லோ ரோல்-ஆஃப் அதற்கு முன்பே மேல் ஸ்தாயியைக் குறைக்கத் தொடங்கும். வித்தியாசம் நடக்கும் அந்த உயரத்தில் நடுத்தர வயதுக் காதுகளுக்குப் பெரும்பாலும் எதுவும் கேட்பதில்லை.

வால்யூம்தான் கவனிக்க வேண்டியது. டிஏசியின் அவுட்புட் 2 வோல்ட். உங்கள் பழைய ஆம்ப்ளிஃபயர் ஆக்ஸில் எதிர்பார்ப்பது அநேகமாக 0.2 வோல்ட் சுற்றுவட்டாரம். அதனால் வால்யூம் திருகை ஒன்பது மணிக்குக் கொண்டுவருவதற்குள் வீடு அதிரும். திருகின் ஆரம்பப் பகுதியில் இடது, வலது சமமாக இருக்காது. பாடுபவர் ஒரு பக்கமாக நகர்ந்து நிற்பார். அப்படி நேர்ந்தால் டிஏசியில் வால்யூம் இருந்தால் அதிலோ, இல்லையென்றால் ப்ளேயர் மென்பொருளிலோ 10 டெசிபல் குறைத்துவிடுங்கள். 2 வோல்ட் 0.63 வோல்ட் ஆகும், திருகும் பத்து, பதினோரு மணி வரை வரும். டிஜிட்டல் வால்யூமைக் குறைத்தால் பிட் போய்விடும் என்ற பயம் 16 பிட் காலத்தது. 24 பிட்டில் இந்த அளவு குறைப்பு ஒன்றும் செய்யாது. ஒரு நன்மைகூட உண்டு. இன்றைய பாடல்களை உச்சத்தில் முட்டும்படி சத்தமாக மாஸ்டர் செய்கிறார்கள். இரண்டு சாம்பிளுக்கு (பதிவில் அளந்து வைத்த புள்ளிகளுக்கு) நடுவே உள்ள அலை உச்சவரம்பைத் தாண்டும்போது டிஏசிக்குள் வெட்டுப்படும். பெஞ்ச்மார்க் நிறுவனம் தன் டிஏசி2, டிஏசி3 மாடல்களில் இதற்கென்றே 3.5 டெசிபல் இடம் ஒதுக்கியிருக்கிறது. நீங்கள் ப்ளேயர் மென்பொருளிலோ விண்டோஸ் வால்யூமிலோ 4 டெசிபல் குறைத்தால் அதே இடம் உங்களுக்கும் கிடைக்கும்.

விண்டோஸில் சவுண்ட் கன்ட்ரோல் பேனலைத் திறந்து, டிஏசியின் ப்ராபர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பக்கத்துக்குப் போங்கள். சிடியிலிருந்து எடுத்த பாட்டுகள்தான் அதிகம் என்றால் 24 பிட், 44,100 ஹெர்ட்ஸ். யூடியூபும் சினிமாவும்தான் என்றால் 48,000. 384,000 என்று இருப்பதைத் தேர்ந்தெடுப்பதால் பாட்டில் இல்லாதது எதுவும் வந்துவிடாது. என்ஹான்ஸ்மென்ட்ஸ் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். கேட்டு உணரும்படியான வித்தியாசம் பெரும்பாலும் இதில்தான் இருக்கும். ஃபூபார்2000 மாதிரி ப்ளேயரில் எக்ஸ்க்ளூசிவ் மோடு வைத்தால் விண்டோஸ் நடுவில் கை வைக்காது.

டிஏசி வந்ததும் ஹெட்போன் ஜாக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆசை வரும். அப்படியே மாற்றி மாற்றிக் கேட்டால் டிஏசிதான் ஜெயிக்கும், ஏனென்றால் அது சத்தம் கூட. 1 டெசிபல் கூடுதலாக இருந்தாலும் 'தெளிவாக இருக்கிறது' என்றே காது சொல்லும். அதனால் முதலில் அளவைச் சமமாக்குங்கள். 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஒயரின் ஆம்ப்ளிஃபயர் முனையைக் கழற்றி, நடு பின்னுக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே மல்ட்டிமீட்டரை ஏசியில் வைத்து அளக்கலாம். 1,000 ஹெர்ட்ஸ் டோன் வேண்டாம், சாதாரண மீட்டர்கள் அங்கே சரியாகக் காட்டுவதில்லை. எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் டிடி830 வகை மீட்டரும் ஆகாது, அதில் ஏசியின் மிகக் குறைந்த ரேஞ்சே 200 வோல்ட். ஆட்டோ ரேஞ்ச் மீட்டர் இரவல் வாங்குங்கள். ஒன்று 1 வோல்ட், மற்றது 1.15 வோல்ட் காட்டினால் வித்தியாசம் 1.2 டெசிபல். கூடுதலாக இருப்பதை ப்ளேயரில் அவ்வளவு குறைத்துவிட்டு, வீட்டில் யாரையாவது மாற்றச் சொல்லி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். தம்புரா சுருதியோடு தொடங்கும் ஆலாபனை இதற்கு நல்ல பாட்டு. மெல்லிய நாதம் தேயும்போது அடியில் இரைச்சல் இருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

இதில் வித்தியாசம் பிடிபடவில்லை என்றால், சார்ஜர் உறுமலும் முன்பே தீர்ந்துவிட்டிருந்தால், டிஏசியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இப்போதைய சில லேப்டாப்களின் ஹெட்போன் ஜாக் நிஜமாகவே நன்றாக இருக்கிறது. வாங்கும்போதே திருப்பி எடுத்துக்கொள்ளும் காலம் எத்தனை நாள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.