ஃபாக் லைட் கேள்விகள்: முதலில் ஃபியூஸ் எங்கே என்று சொல்லுங்கள்

பாளையங்கோட்டையில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்த்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் போதும், கடைக்கு வருகிற ஆள் எல்லாம் ஃபாக் லைட்டைப் பற்றித்தான் கேட்பார். இந்த ஞாயிறு கடை லீவு. உட்கார்ந்து பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையில் சொல்கிறேன். கேட்பதற்கு முன்னால் மேலே உள்ளதை வாசித்துவிட்டுக் கேளுங்கள், புண்ணியமாகப் போகும்.

அம்பாசமுத்திரம், ஸ்விஃப்ட்: அண்ணாச்சி, என் வண்டியில் ஃபாக் லைட் கிடையாது. வெளியே வாங்கிப் போடலாம் என்று இருக்கிறேன். "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.

வீட்டில் கேட்பது நியாயம்தான். நம் பக்கம் பனி என்றால் மார்கழி விடியலில் தாமிரபரணி ஓரத்து வயல்காட்டு ரோடுதான். சேரன்மகாதேவியிலிருந்து உங்கள் அம்பை வரைக்கும் கொஞ்ச நேரம் இருக்கும், வெயில் ஏறினால் கலைந்துவிடும். நிஜமான மூட்டம் மாஞ்சோலைப் பக்கம். வனத்துறை அனுமதி வாங்கி மணிமுத்தாறிலிருந்து மேலே ஏறி, காக்காச்சி, நாலுமுக்கு போனால் பட்டப்பகலில் முன்னால் போகும் ஜீப் காணாமல் போகும். ஆரியங்காவு வழியாகக் கேரளா போகிறவர்களுக்கும் மழைநாளில் உதவும்.

ஃபாக் லைட் தூரத்தைக் காட்டும் விளக்கு அல்ல. பனியில் பிரைட் போட்டுப் பாருங்கள், முன்னால் வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வருகிறது. ஃபாக் லைட் தாழ்வாக இருக்கும், வெளிச்சத்தை அகலமாக, தட்டையாக, மேல் பக்கம் கத்தரித்த மாதிரி விடும். கிட்டத்து ரோடும் ஓரத்து வெள்ளைக் கோடும் தெரியும், அவ்வளவுதான். "அரைக் கிலோமீட்டர் தெரியும் சார்" என்று ஒருவர் விற்றால் அவர் விற்பது வேறு விளக்கு.

மலைக்கும் விடிகாலைப் பயணத்துக்கும் போகிறவர் என்றால் போடுங்கள். டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் ஓட்டுவதற்கு என்றால் அந்தக் காசுக்கு நல்ல வைப்பர் ரப்பர் வாங்குங்கள்.

வள்ளியூர், ஐ20: ரிலே கட்டாயமா? சுவிட்சிலேயே நேரடியாகக் கொடுத்துவிடலாம் என்கிறார் எங்கள் மெக்கானிக்.

கட்டாயம். ரிலே என்பது சின்னக் கரண்ட்டை வைத்துப் பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கிற குட்டிப் பெட்டி. கணக்குப் பாருங்கள். 55 வாட் ஹாலஜன் இரண்டு சேர்ந்தால் 110 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே. அத்தனை கரண்ட்டும் டாஷ்போர்டில் இருக்கிற கட்டைவிரல் அளவு சுவிட்சுக்குள் போய் வரவேண்டுமா?

இரண்டு வருஷம் முன்னால் நாங்குநேரிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். "உள்ளே என்னமோ தீயுற வாசனை அடிக்கு அண்ணாச்சி" என்றார். சுவிட்சைக் கழற்றினேன். பித்தளை முள் கறுத்துப் போயிருந்தது, பிளாஸ்டிக் வெல்லப்பாகு மாதிரி இளகி ஒயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் ரிலே இல்லை. இன்னும் போனால் ஃபியூஸும் இல்லை. பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேரே வந்திருந்தது. அந்த ஒயர் எங்காவது பாடித் தகட்டில் உரசி உரிந்திருந்தால் வண்டி நடுரோட்டில் நின்று எரிந்திருக்கும்.

ரிலே ஒன்றும் பெரிய வித்தை இல்லை. 85, 86 என்ற இரண்டு பின்னும் உள்ளே இருக்கிற சுருளுக்கு. அதற்கு 0.15 ஆம்பியர் போதும், சுவிட்ச் அதை மட்டும் சுமக்கிறது. 30-ல் பேட்டரியிலிருந்து வரும் ஃபியூஸ் போட்ட ஒயர். 87-லிருந்து விளக்குக்கு. சுவிட்சைப் போட்டால் 'டிக்' என்று சத்தம் வரும், அந்தச் சத்தம்தான் உங்கள் காப்பீடு. சுவிட்சுக்கான சப்ளையைப் பார்க் லைட் ஒயரிலிருந்து எடுங்கள். பார்க் லைட் அணைந்தால் இதுவும் அணையும், மறந்து விட்டுவிட்டுப் போய் பேட்டரியை இறக்க மாட்டீர்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. மெல்லிய ஒயரில் சுற்றிச் சுற்றி வந்தால் வோல்ட் வழியிலேயே குறையும். ஹாலஜனுக்கு வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். "பல்பு டல்லா இருக்கு" என்று 100 வாட் வாங்கிப் போடுகிறவர்களில் பல பேருக்குக் குறை ஒயரில்தான்.

ஹாலஜனுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள் இருக்கவேண்டும். விளக்குப் பக்கத்தில் போட்டால் நடுவில் இருக்கிற ஒயரை யார் காப்பாற்றுவது? வேலை தொடங்குமுன் பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். முடித்ததும் அதைக் கடைசியாக மாட்டுங்கள்.

ஆலங்குளம், பொலேரோ: நானே ஹார்னஸ் (ரெடிமேட் ஒயர் கட்டு) வாங்கி மாட்டினேன். சாவியை எடுத்த பிறகும் விளக்கு எரிகிறது. சுவிட்சைப் போட்டால் அணைகிறது! பேய் பிடித்த மாதிரி இருக்கு.

பேய் இல்லை. ஐந்து பின் ரிலே வாங்கியிருக்கிறீர்கள். நடுவில் இருக்கும் 87ஏ-யில் விளக்கு ஒயரைச் செருகியிருக்கிறீர்கள். ரிலே சும்மா இருக்கும்போது 30-ம் 87ஏ-யும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒயரைப் பிடுங்கி 87-ல் செருகுங்கள், நடு பின்னை டேப் சுற்றி விடுங்கள். சொந்தமாகச் செய்ததற்குப் பாராட்டு. ஃபியூஸ் போட்டீர்களா?

கடையநல்லூர், எர்டிகா: மஞ்சளா, வெள்ளையா?

மஞ்சள். பனியைக் கிழித்துக்கொண்டு போகும்.

மேலப்பாளையம், டிசையர்: எவ்வளவு செலவாகும்?

விலை சொல்லமாட்டேன். நான் ஒன்று சொல்ல, நீங்கள் கடைக்காரரோடு சண்டைக்குப் போவீர்கள்.

பாளையங்கோட்டை, கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர்: அண்ணாச்சி, மஞ்சள் பனியைக் கிழிக்கும் என்பது தவறு. வானம் நீலமாக இருப்பதற்கான காரணத்தைப் பனிக்குப் பொருத்துகிறீர்கள். அங்கே சிதறடிப்பவை காற்று மூலக்கூறுகள், ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை. அதனால் நீலம் அதிகம் சிதறும். பனித்துளி சுமார் 10 மைக்ரான். ஒளி 0.4-லிருந்து 0.7 மைக்ரான். துளி அவ்வளவு பெரிதாக இருந்தால் எல்லா நிறமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறும். அதனால்தான் பனி நீலமாக இல்லாமல் வெள்ளையாகத் தெரிகிறது.

மேடம், நீங்கள் படித்தவர்கள், நான் பார்த்தவன். நாலுமுக்கு ஏற்றத்தில் வெள்ளை எல்.இ.டி. போட்ட வண்டிக்குப் பின்னாலும் போயிருக்கிறேன், மஞ்சள் போட்ட என் வண்டியையும் ஓட்டியிருக்கிறேன். மஞ்சளில் கண் கூசவில்லை. பிரான்ஸில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஹெட்லைட்டையே மஞ்சளாக வைக்கச் சட்டம் போட்டிருந்தார்கள். சும்மாவா?

அதே மேடம்: 1993-ல் அதைக் கைவிட்டும் விட்டார்கள். நீங்கள் ஒப்பிட்ட அந்த வெள்ளை விளக்கு உங்கள் விளக்கு இருக்கும் அதே உயரத்தில், அதே மாதிரி மூடியில் (விளக்குக் கூட்டில்) இருந்ததா?

இல்லை. அது கிரில்லில் உயரமாக இருந்தது.

செங்கோட்டை, டெம்போ டிராவலர் ஓட்டுநர்: மேடம் பேசுவது புத்தகம். பதினேழு வருஷமாகப் புனலூர் லைன் ஓட்டுகிறேன். மஞ்சள்தான். இதில் பேச்சே இல்லை.

அதே மேடம்: மஞ்சளில் கண்ணுக்கு இதமாக இருப்பதை நான் மறுக்கவில்லை. நீலம் கலந்த வெளிச்சம் அதிகம் கூசும், மலிவான 6000 கெல்வின் எல்.இ.டி.யில் நீலம் நிறைய. மஞ்சளில் அது இல்லை. இதம் வேறு, ஊடுருவுவது வேறு. தவிர, வெள்ளை விளக்கின் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினால் வெளிச்சத்தில் ஒரு பகுதியை அது தின்றுவிடும்.

சரி, யோசித்துப் பார்த்தால் மேடம் சொல்வதில் பாதி என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. என் கடைக்கு வந்து "வெள்ளை ஒன்றுமே தெரியல" என்று சொன்னவர்கள் எல்லாம் உயரத்தில் மாட்டியவர்கள், அல்லது ஹாலஜன் மூடிக்குள் எல்.இ.டி. பல்பைத் திணித்தவர்கள். நிறத்தை மட்டும் மாற்றிப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை, நான் உட்பட. "கிழிக்கும்" என்ற வார்த்தையை வாபஸ் வாங்குகிறேன். மஞ்சளை வாபஸ் வாங்கவில்லை. டிராவலர் தம்பி, நீங்களும் கொஞ்சம் இருங்கள், இதற்குத் திரும்ப வருகிறேன்.

திசையன்விளை, வேகன் ஆர்: ஹாலஜன் மூடிக்குள் எல்.இ.டி. போட்டால் என்ன? பின் சரியாகப் பொருந்துகிறதே.

பின் பொருந்தும், வெளிச்சம் பொருந்தாது. ஹாலஜனில் மெல்லிய இழை எந்தப் புள்ளியில் இருக்குமோ அதை வைத்துத்தான் உள்ளே இருக்கிற கண்ணாடிக் கிண்ணத்தை வளைத்திருக்கிறார்கள். எல்.இ.டி.யில் சில்லு தகட்டின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும். புள்ளி விலகினால் அந்தக் கத்தரித்த மேல்கோடு கலைந்து, எதிரில் வருகிறவன் கண்ணில் போய் அடிக்கும். எல்.இ.டி. வேண்டுமென்றால் மூடியோடு சேர்ந்து எல்.இ.டி.க்கென்றே செய்த முழு விளக்காக வாங்குங்கள். கண்ணாடியில் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும், முன்பக்க ஃபாக் லைட்டுக்கான 'பி' அல்லது 'எஃப்3' குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து 40 வாட் என்றால் 7.5 ஆம்பியர் ஃபியூஸ் போதும்.

ஹாலஜனே போடுவதானால் பல்புக் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரல் பிசுக்கு பட்ட இடம் தனியாகச் சூடேறிப் பல்பு சீக்கிரம் போகும்.

முக்கூடல், ஆல்டோ: ரிலே இல்லாமல் போடலாமா?

வள்ளியூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஏரல், பெலினோ: 2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி பம்பருக்கு மேலே முங்கியது. அதற்கப்புறம் ஒரு பக்க ஃபாக் லைட்டுக்குள் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு ஆறு மாதம் எனக்கு இதே வேலைதான். லேசான ஆவி படிந்து, விளக்கு எரிந்ததும் போய்விட்டால் விட்டுவிடுங்கள். எல்லா விளக்குக்கும் மூச்சுவிட ஓட்டை உண்டு. முத்தாக நின்றால் சீல் போய்விட்டது, விளக்கை மாற்றுவதுதான் வழி. அதைவிட முக்கியம் பின்னால் ஒயரை மாட்டுகிற கப்ளர். கழற்றிப் பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் புதுக் கப்ளர் போடுங்கள். எர்த் ஒயர் பாடியில் மாட்டியிருக்கிற போல்ட்டையும் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகச் சுரண்டி, திரும்ப இறுக்குங்கள். விளக்கு மினுக்மினுக் என்றால் முதலில் எர்த்தைத்தான் சந்தேகப்படவேண்டும்.

தாழையூத்து, புல்லட்: பைக்கில் இரண்டு ஃபாக் லைட் போடலாமா?

பைக் எனக்குத் தெரிந்த துறை இல்லை. தெரிந்தவரிடம் கேளுங்கள்.

வண்ணார்பேட்டை, எலக்ட்ரிக் கார்: இதற்கும் அதே ஒயரிங்தானா?

விளக்குக்கு இதிலும் தனியே 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. ஆனாலும் கம்பெனி சர்வீஸுக்கே போங்கள். ஆரஞ்சு நிற ஒயர் எதையும் தொடாதீர்கள்.

பாவூர்சத்திரம், கிரெட்டா: போலீஸ் பிடிப்பார்களா? கூரையில் நீளமாக லைட் பார் போட ஆசை.

ஆசையைக் கூரையிலேயே விட்டுவிடுங்கள். வண்டியின் மூல அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ல் வருகிறது. புளியரை தாண்டினால் கேரளா, அங்கே லைட் விஷயத்தில் இன்னும் கறார். உங்கள் மாடலின் உயர்ந்த ரகத்துக்குக் கம்பெனியே தரும் ஃபாக் லைட்டை, பம்பரில் அதற்கென்று விட்டிருக்கிற குழியில் மாட்டுவதுதான் நிம்மதி. சில வண்டிகளில் பம்பருக்குப் பின்னால் கப்ளர்கூடச் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும், குனிந்து பாருங்கள். வாரண்டி உள்ள வண்டியில் கம்பெனி ஒயரை வெட்டிக் கிளிப் போட விடாதீர்கள்.

களக்காடு, நெக்ஸான்: போட்டாச்சு. எதிரில் வருகிறவர்கள் எல்லாம் டிம் அடிக்கச் சொல்கிறார்கள்.

இதை யாராவது கேட்பார்களா என்று காலையிலிருந்து காத்திருந்தேன். மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள், பாதிதான் முடிந்திருக்கிறது. டயர் காற்றைச் சரிபாருங்கள். சமதரையில் வண்டியைச் சுவருக்கு நேரே, விளக்கிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்துங்கள். தரையிலிருந்து விளக்கின் நடு எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. அதற்கு 4 அங்குலம் கீழே இன்னொரு கோடு. இருட்டியதும் விளக்கைப் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு கீழ்க்கோட்டில் உட்காரவேண்டும். மூடிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருகி இறக்குங்கள். என் கடைக்கு எதிர் காம்பவுண்டுச் சுவரில் அந்தக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இன்றைக்கும் கிடக்கின்றன. சுவருக்குச் சொந்தக்காரர் இரண்டு தடவை வெள்ளையடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

பனியும் மழையும் இல்லாத ராத்திரியில் அணைத்துவிடுங்கள். நான்குவழிச் சாலையில் நல்ல நிலாவில் நாலு விளக்கையும் எரியவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கே கல்லெடுக்கத் தோன்றும்.

சுத்தமல்லி, ஆம்னி: எல்.இ.டி. போட்டதிலிருந்து திருநெல்வேலி வானொலி கரகரக்கிறது.

மலிவான எல்.இ.டி.யின் உள்ளே இருக்கிற, டிரைவர் என்கிற சர்க்யூட் செய்யும் வேலை. விளக்கை மாற்றுங்கள்.

பாளை மேடம்: அண்ணாச்சி, திரும்ப வருகிறேன் என்றீர்களே?

வந்தாச்சு. மார்கழியில் என் வண்டியில் இடப்பக்கம் மஞ்சள், வலப்பக்கம் வெள்ளை, ஒரே கம்பெனி, ஒரே மூடி, ஒரே வாட் போடுகிறேன். இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச். சேரன்மகாதேவி ரோட்டில் விடிகாலை ஐந்து மணிக்கு நிறுத்தி, மாற்றி மாற்றிப் போட்டு, எதில் எத்தனை வெள்ளைக் கோடு தெரிகிறது என்று எண்ணுவோம். டிராவலர் தம்பியும் வரட்டும், ஆனால் எண்ணுவது நீங்கள். எங்கள் இரண்டு பேரையும் நம்பமுடியாது.

மூலைக்கரைப்பட்டி, ஸ்விஃப்ட்: அண்ணாச்சி, ஒரே ஒரு சந்தேகம். ரிலே வேண்டுமா?

வேண்டும். ஃபியூஸும்.