கண்ணாடியும் பொய் சொல்லும்: நீராவி ரயில் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயிலைப் பற்றி எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வரலாற்றை விட்டுவிட்டு, "இன்றும் ஓடும் பாரம்பரிய நீராவி ரயில்கள் பத்திரமானவையா, எங்கே தவறு நடக்கிறது?" என்றே கேட்டன. அவற்றில் சிலவற்றுக்குப் பதில்கள் இங்கே.

ராணிப்பேட்டை வாசகர்: தோல் தொழிற்சாலையில் பாய்லர் அட்டெண்டராக இருக்கிறேன். தண்ணீர் குறைந்தால் எங்கள் பாய்லரில் அலாரம் அடிக்கும், பர்னர் தானாக நின்றுவிடும். ரயில் இன்ஜினில் அப்படி எதுவும் இல்லையாமே? அப்புறம் எப்படி நம்பி ஓட்டுகிறார்கள்?

பாய்லருக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாயை நம்பி ஓட்டுகிறார்கள். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் பர்னரை ஒரு சுவிட்சில் நிறுத்திவிடலாம். நிலக்கரி நெருப்பை அப்படி நிறுத்த முடியாது. தட்டின் மேல் கனன்றுகொண்டிருக்கும் கரி, தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நெருப்புப் பெட்டியின் உச்சித் தகடு, அதாவது கிரவுன் ஷீட், எப்போதும் தண்ணீருக்கு அடியில் மூழ்கியிருக்க வேண்டும். பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு என்றால் உள்ளே தண்ணீரின் வெப்பம் ஏறத்தாழ 198 டிகிரி செல்சியஸ். தகட்டின் மேல் தண்ணீர் இருக்கும்வரை தகடும் அதைவிட அதிகம் சூடாகாது. தண்ணீர் விலகிவிட்டால் சில நிமிடங்களில் தகடு சிவந்து, இளகி, தாங்கு போல்ட்டுகளிலிருந்து கழன்று கீழே தொங்கும். கிழிந்த இடத்தில் அழுத்தம் சட்டென்று விழும். 198 டிகிரியில் இருந்த தண்ணீர் ஒரே நொடியில் நீராவியாகப் பொங்கி நெருப்புப் பெட்டிக் கதவு வழியாக டிரைவர் மேலும் ஃபயர்மேன் மேலும் பாயும்.

1995 ஜூன் 16 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கார்ட்னர்ஸ் என்ற ஊருக்கு அருகே சுற்றுலா ரயிலை இழுத்துக்கொண்டிருந்த 1278-ம் எண் இன்ஜினில் இதுதான் நடந்தது. இன்ஜினில் இருந்த மூன்று பேருக்கு மோசமான தீக்காயம். பயணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. விசாரணையில், கண்ணாடிக்குப் போகும் வழியில் உப்புப் படிந்து அடைபட்டிருந்தது தெரிந்தது. பாய்லர் தண்ணீரை முறையாகப் பக்குவப்படுத்தவில்லை, ஊழியர்களுக்குப் பயிற்சியும் போதவில்லை. ஆக, கண்ணாடியில் தண்ணீர் தெரிந்தது. தகட்டின் மேல் இல்லை. அந்த இன்ஜினைக் கட்டியவர்கள் உச்சித் தகட்டில் சில வரிசைகளுக்கு மட்டும் தலை பெரிதான போல்ட்டுகளைப் போட்டிருந்தார்கள். அதனால் தகடு ஒரேயடியாகப் பிய்ந்துகொள்ளாமல் வரிசை வரிசையாக விட்டுக்கொடுத்தது. இல்லையென்றால் பாய்லரே பீரங்கிக் குண்டாகப் பறந்திருக்கும். எப்போதோ ஒருவர் வரைபடத்தில் வைத்த முன்யோசனை, பல பத்தாண்டுகள் கழித்து மூன்று உயிரைக் காத்திருக்கிறது.

பாய்லர் பக்கத்திலேயே இருப்பவர் என்பதால் கண்ணாடியைச் சோதிக்கும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காக எழுதுகிறோம். கண்ணாடிக்கு மூன்று காக் (திறந்து மூடும் திருகு): மேலே நீராவி, கீழே தண்ணீர், அடியில் வடிகால். தண்ணீர் காக்கை மூடி வடிகாலைத் திறந்தால் நீராவி சீறி வர வேண்டும். மேல் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்து நீராவி காக்கை மூடித் தண்ணீர் காக்கைத் திறந்தால் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அது கீழ் வழிக்கான சோதனை. கடைசியில் வடிகாலை மூடி மற்ற இரண்டையும் திறந்ததும் தண்ணீர் துள்ளி எழுந்து தன் மட்டத்தில் நிற்க வேண்டும். ஊர்ந்து ஊர்ந்து ஏறினால் வழி பாதி அடைபட்டிருக்கிறது, அன்று அந்த இன்ஜின் வெளியே போகக் கூடாது. மேல் வழி அடைபட்டால் கண்ணாடிக்குள் நீராவி குளிர்ந்து, தண்ணீர் மேலே இழுக்கப்பட்டு, பாய்லர் நிரம்பியிருப்பதாகக் காட்டும். கீழ் வழி அடைபட்டாலும் மேலிருந்து குளிர்ந்து சொட்டும் நீரே மெல்ல நிறைந்து அதே பொய்யைச் சொல்லும். ஓடும் இன்ஜினில் கண்ணாடித் தண்ணீர் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆடாமல் அசையாமல் அழகாக நின்றால்தான் பயப்பட வேண்டும்.

அந்த விபத்துக்குப் பின் அமெரிக்காவில் நீராவி இன்ஜின் விதிகளைத் திருத்தி 1999-ல் வெளியிட்டார்கள். குறைந்தது இரண்டு கண்ணாடிகள் வேண்டும்; கண்ணாடியில் தெரியும் மிகக் குறைந்த மட்டமே உச்சித் தகட்டுக்கு 3 அங்குலம் மேலே இருக்க வேண்டும்; 31 ஓட்ட நாட்களுக்குள் ஒருமுறையாவது பாய்லரைக் கழுவ வேண்டும்; 1,472 ஓட்ட நாட்கள் அல்லது 15 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது முழுவதும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உச்சித் தகட்டில் ஈயம் அடைத்த பிளக் ஒன்றும் உண்டு. ஈயம் 327 டிகிரியில் உருகும். தண்ணீர் விலகினால் உருகி, நீராவியை நெருப்பின் மேல் விட்டு எச்சரிக்கும். ஆனால் பிளக்கின் மேல் காரை கட்டிவிட்டால் ஈயம் உருகினாலும் வழி திறக்காது. பாலாற்றுக்கரை போர்வெல் தண்ணீரைக் காய்ச்சிய பாத்திரத்தின் அடியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காரை எவ்வளவு சீக்கிரம் கட்டும் என்று தெரியும்.

திருப்பத்தூர் வாசகர்: மலைப்பாதையில் தண்ணீர் மட்டம் சாயுமே, அதைக் கணக்கில் எடுப்பார்களா?

எடுக்காவிட்டால் முதல் மேட்டிலேயே மாட்டிக்கொள்வார்கள். 50-க்கு 1 ஏற்றத்தில் 5 மீட்டர் நீள பாய்லரின் இரு முனைகளுக்கும் இடையே தண்ணீர் மட்டத்தில் 10 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். புகைபோக்கி முன்னால் இருக்க ஏறும்போது தண்ணீர் பின்பக்கம், நெருப்புப் பெட்டிக்கு மேலே சேரும். கண்ணாடி தாராளமாகக் காட்டும். உச்சியைத் தாண்டி இறங்கியதும் அதே தண்ணீர் முன்னால் ஓடிவிடும், தகடு வெளியே தலைகாட்டும். அந்த நேரத்தில் பிரேக்கும் பிடித்தால் இன்னும் முன்னால் அலையும். அனுபவமுள்ள ஃபயர்மேன் உச்சி வருவதற்கு முன்பே இன்ஜெக்டரை, அதாவது பாய்லருக்குள் தண்ணீர் செலுத்தும் கருவியை, திறந்து தண்ணீரை ஏற்றிவிடுவார். இறங்க ஆரம்பித்தபின் திறப்பவர் புதியவர்.

இன்ஜெக்டர் வேலை செய்யாததற்குக் காரணம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும்: தொட்டித் தண்ணீர் சூடேறியிருக்கும், உறிஞ்சும் குழாயில் காற்று இழுக்கும், வடிகட்டியில் கரித்தூள் அடைத்திருக்கும், உள்ளே இருக்கும் கூம்புகளில் உப்புப் படிந்திருக்கும். இரண்டு இன்ஜெக்டரும் கைகொடுக்காமல் கண்ணாடியிலும் தண்ணீர் மறைந்துவிட்டால் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் ஓட்டிப் பார்க்கக் கூடாது. உடனே நிறுத்தி நெருப்பைக் கொட்ட வேண்டும், அல்லது ஈரச் சாம்பலோ ஜல்லியோ போட்டு மூட வேண்டும். சிவந்த தகட்டின் மேல் குளிர்ந்த தண்ணீர் விடவே கூடாது.

வாணியம்பாடி வாசகர்: மலையேறும் லாரி நின்றுபோனால் கிளீனர் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைப்பார். ரயிலுக்கும் அப்படிச் செய்யலாமா?

அயர்லாந்தில் செய்தார்கள். 1889 ஜூன் 12, ஆர்மா நகரிலிருந்து கிளம்பிய உல்லாசப் பயண ரயில். ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் நிறைய. ஏற்றத்தில் இன்ஜின் திணறி நின்றது. ரயிலை இரண்டாகப் பிரித்து முன்பாதியை மட்டும் முதலில் மேலே கொண்டுபோகலாம் என்று முடிவெடுத்தார்கள். அதில் இருந்தது பழைய வகை வேக்குவம் (வெற்றிட) பிரேக். குழாயைக் கழற்றினால் பிரேக் விட்டுவிடும். எனவே பின்பாதியைத் தாங்கியது கடைசி வண்டியின் ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்தடியில் வைத்த கற்களும்தான். முன்பாதி கிளம்பும்போது சற்றே பின்னால் சரிந்து இடித்தது; கற்கள் நொறுங்கின. பின்பாதி இறக்கத்தில் உருண்டு, பின்னால் வந்துகொண்டிருந்த ரயிலில் மோதியது. 80 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டே பிரிட்டிஷ் பாராளுமன்றம் பயணிகள் ரயிலுக்குத் தானியங்கித் தொடர் பிரேக் (எல்லாப் பெட்டியிலும் தானாகப் பிடிப்பது) கட்டாயம் என்று சட்டம் போட்டது.

இப்போதுள்ள வேக்குவம் பிரேக் தலைகீழ்: குழாய் அறுந்தால் பிரேக் பிடிக்கும். ஆனாலும் நிறுத்திவைத்த பெட்டியில் மணிக்கணக்கில் அது தாங்காது. கசிந்து கசிந்து பிடி தளர்ந்துவிடும். ஆகவே சைடிங்கில் விடும் பெட்டிக்கு ஹேண்ட் பிரேக்கும் மரக்கட்டையும் கட்டாயம். பெட்டி சேர்த்தாலோ கழற்றினாலோ தொடர்ச்சிச் சோதனையும் செய்தாக வேண்டும்: டிரைவர் வேக்குவம் உண்டாக்கிய பின் கடைசிப் பெட்டியில் கார்டு வால்வைத் திறக்க வேண்டும், இன்ஜினில் இருக்கும் வேக்குவம் மீட்டரின் முள் விழ வேண்டும். முள் விழவில்லை என்றால் நடுவில் எங்கோ ஒரு காக் மூடியிருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் எந்தப் பெட்டிக்கும் பிரேக் இல்லை. "நேற்றுப் பார்த்தோமே" என்று விடுகிற சோதனைகளில் முதலிடம் இதற்குத்தான்.

காட்பாடி வாசகர்: ஒற்றைப் பாதையில் டிரைவர் வாங்கிக்கொண்டு போகும் வளையமும் பையும் எதற்கு? அது இருந்தால் மோதலே வராதா?

பைக்குள் இருப்பது டோக்கன், அதாவது அடுத்த ஸ்டேஷன் வரை போக டிரைவருக்குத் தரும் அனுமதி. நம் பக்கம் ஸ்டேஷனில் இருக்கும் நீல்ஸ் கருவியிலிருந்து வரும் உலோகப் பந்துதான் அதிகம் புழங்கியது. பந்தின் மேல் எந்த இரு ஸ்டேஷன்களுக்கு நடுவே செல்லும் என்ற பெயர்கள் பொறித்திருக்கும். ஒரு பந்து வெளியே இருக்கும்வரை அதே பகுதிக்கு இரண்டாவது பந்து எந்த முனையிலும் வராது. கருவி தவறு செய்வதில்லை.

மனிதர் செய்வார். வேல்ஸ் நாட்டு அபெர்மூலில் 1921 ஜனவரி 26 அன்று, உள்ளூர் ரயில் கொண்டுவந்து கொடுத்த பழைய டோக்கன், கை மாறிக் கை மாறி, அடுத்த பகுதிக்கானது என்ற நினைப்பில் அதே டிரைவரிடம் திரும்பிப் போனது. வாங்கியவரும் படிக்கவில்லை, கொடுத்தவரும் படிக்கவில்லை. எதிரே முறையான டோக்கனோடு எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருந்தது. 17 பேர் பலி. கருவி பூட்டித்தான் இருந்தது. அதை யாரும் ஏமாற்றக்கூட முயலவில்லை.

அதனால் டிரைவரும் ஃபயர்மேனும் தனித்தனியே பெயரை உரக்கப் படித்த பிறகே வண்டி எடுக்க வேண்டும். ஒருவர் படித்து மற்றவர் "சரி சரி" என்பது ஒரு ஜோடிக் கண்ணுக்குத்தான் சமம்.

அரக்கோணம் வாசகர்: 2011 செப்டம்பர் 13-ல் சித்தேரி அருகே நின்றிருந்த பாசஞ்சர் மீது மெமு மோதியதை எங்கள் ஊர் மறக்கவில்லை. இப்போது தானாகப் பிரேக் போடும் கருவிகள் வந்துவிட்டன. பழைய நீராவி இன்ஜினிலும் பொருத்திவிட்டால் கவலை இல்லையே?

பொருத்தலாம், பிரிட்டனில் பொருத்தியும் இருக்கிறார்கள். அங்கே பிரதான பாதையில் ஓடும் நீராவி ரயிலில் எச்சரிக்கைக் கருவி இருக்கிறது: மஞ்சளோ சிவப்போ வந்தால் ஊதும், இரண்டு மூன்று விநாடிக்குள் பொத்தானை அழுத்தாவிட்டால் பிரேக் பிடிக்கும். 2015 மார்ச் 7 அன்று வூட்டன் பாசெட் அருகே ஒரு சுற்றுலா ரயிலில், வேகக் கட்டுப்பாட்டு எச்சரிக்கைக்கு நேரத்தில் பொத்தானை அழுத்தாததால் பிரேக் பிடித்தது. நின்றுபோகுமே என்று, விதிக்கு மாறாக, கருவியின் காக்கை மூடிவிட்டார்கள். அடுத்து வந்த எச்சரிக்கை சிக்னலுக்குக் கருவி வாய் திறக்கவில்லை. சிவப்பைத் தாண்டி அரை கிலோமீட்டருக்கு மேல் போய் சந்திப்புத் தடத்தின் குறுக்கே நின்றது. ஒரு நிமிடத்துக்குள்தான் அந்த இடத்தை ஒரு அதிவேக ரயில் கடந்து போயிருந்தது. ஒருவருக்கும் கீறல் இல்லை, ஆனால் வழக்கு நீதிமன்றம் வரை போனது.

நீராவி இன்ஜினில் சிக்னல் பார்ப்பதே ஒரு பாடு. எதிரே நீளமான பாய்லர், முகத்தில் புகை, காதில் இரைச்சல், ஃபயர்மேன் குனிந்து கரி அள்ளிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட இடத்தில் துணைக்கு வைத்த கருவியை மூடுவது பாதி கண்ணைக் கட்டிக்கொள்வதுதான். காக்குக்கு முத்திரைக் கம்பி போட்டு, அறுத்தால் நிலையத்துக்குச் சொல்லாமல் நகரக் கூடாது என்று வைப்பதே சரி.

ஜோலார்பேட்டை வாசகர்: பெட்டி கோர்க்கும்போது பாயின்ட்ஸ்மேன் நடுவில் நுழைகிறாரே?

பாரம்பரிய ரயில்களில் ஆளைக் கொல்லும் இடம் அதுதான். இங்கிலாந்தின் கிராஸ்மாண்ட் நிலையத்தில் 2012 மே 21 அன்று ஒரு தன்னார்வ கார்டு இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நசுங்கி இறந்தார். ரெகுலேட்டரை (சிலிண்டருக்கு நீராவி விடும் வால்வு) மூடிவிட்டால் இன்ஜின் நகராது என்ற நம்பிக்கை தப்பு. தேய்ந்த ரெகுலேட்டர் வால்வு கசிந்தால் சிலிண்டரில் நீராவி சேர்ந்து இன்ஜின் தானாக நகரும். ரெகுலேட்டர் மூடி, ரிவர்சர் (முன்னே, பின்னே ஓட்டத்தை மாற்றும் லீவர்) நடுவில், சிலிண்டர் வடிகால் காக் திறந்து, ஹேண்ட் பிரேக் இறுக்கி, பிறகு டிரைவர் வாயால் "உள்ளே போகலாம்" என்று சொல்ல வேண்டும். உள்ளே போனவர் வெளியே வந்து, டிரைவர் கண்ணில் பட்டு, அவரே கை காட்டும்வரை ஒரு லீவரையும் தொடக் கூடாது. இன்னொருவர் "வந்துட்டாருப்பா" என்று சொல்வதை ஏற்கக் கூடாது.

ஆம்பூர் ஆசிரியை: பள்ளிப் பிள்ளைகளை ஊட்டி ரயிலில் அழைத்துப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

மேட்டுப்பாளையம்–ஊட்டி 46 கிலோமீட்டர். கல்லாரிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, ஏற்றம் ஏறத்தாழ 12-க்கு 1. இன்ஜின் கீழ்ப்பக்கத்தில் இருந்து தள்ளும், பெட்டிக்குப் பெட்டி பிரேக்ஸ்மேன் இருப்பார், கொடியசைத்து ஒருவருக்கொருவர் தகவல் சொல்வார்கள். அவர்களோடு பிள்ளைகள் பேச்சுக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிரித்துப் பதில் சொல்லும் நேரத்தில் ஒரு கொடி தவறிவிடலாம்.

16 குகைகள் உண்டு. சுவர் பெட்டிக்கு மிக அருகில் வரும், தலையோ கையோ வெளியே கூடாது. தண்ணீர் பிடிக்க நிற்கும் இடங்களில் இறங்கினால் இன்ஜினின் பக்கவாட்டில் நிற்கக் கூடாது. கிளம்பும்போது சிலிண்டர் காக் வழியாகக் கொதிநீரும் நீராவியும் சில மீட்டர் தூரத்துக்குக் கிடையாகப் பீறிடும். வெள்ளைப் புகை என்று பிள்ளைகள் அதற்குள் ஓடுவார்கள். இரண்டு பெட்டிக்கு நடுவே நின்று படம் எடுக்க விடாதீர்கள். கரித்தூள் கண்ணில் விழுந்தால் கசக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவ, ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்தனுப்புங்கள்.