ப்ராக் ஃபைல் இருக்கும்போது கெர்னல் ஸ்டாட்ஸ் எடுக்க நெட்லிங்க் சாக்கெட் எதுக்கு?

லினக்ஸ்ல கனெக்‌ஷன் லிஸ்ட்டு, ப்ராசஸ் கணக்கு எல்லாம் ப்ராக் ஃபைல்ல (/proc டைரக்டரில கெர்னல் காட்டுற ஃபைல்) டெக்ஸ்ட்டா கிடைக்குதே, அதைப் படிச்சா போதாதா, நெட்லிங்க்னு ப்ரோக்ராமும் கெர்னலும் மெசேஜ் பரிமாறிக்கற சாக்கெட் திறந்து பேசணுமான்னு கேட்டிருக்கீங்க. மெமரி எவ்ளோ ஃப்ரீயா இருக்கு, சிபியு லோடு என்னன்னு பாக்கணும்னா ப்ராக் போதும், நானும் அதைத்தான் படிக்கிறேன், அந்தக் கணக்குக்கு நெட்லிங்க்கை தேடிப் போகவே வேணாம். ஆனா நான் மானிட்டரிங் ஏஜென்ட் எழுதுற வேலைல இருக்கேன், பிஸியான சர்வர்ல ப்ராக் மட்டும் வச்சு ஓட்ட முடியாத இடங்கள் நிச்சயமா இருக்கு.

முதல்ல டிசிபி கனெக்‌ஷன். ப்ராக்ல நெட் கீழ இருக்கற டிசிபி ஃபைலைத் திறந்தா கெர்னல் ஒவ்வொரு கனெக்‌ஷனையும் ஒரு வரி டெக்ஸ்ட்டா மாத்திக் குடுக்குது, ஐபி அட்ரஸ் ஹெக்ஸ்ல இருக்கும், அதுவும் இன்டெல் மெஷின்ல பைட் எல்லாம் திருப்பிப் போட்டு இருக்கும், உங்க ப்ரோக்ராம் அதை மறுபடி நம்பரா மாத்தணும். லட்சம் கனெக்‌ஷன் இருந்து உங்களுக்கு 443 போர்ட்டு மட்டும் வேணும்னாலும் லட்சம் வரியும் படிச்சுதான் ஆகணும். கனெக்‌ஷன் லிஸ்ட் காட்டுற பழைய நெட்ஸ்டாட் கமாண்ட் பண்றது இதைத்தான். அதே வேலைக்கான எஸ்எஸ் (ss) கமாண்ட் சாக் டயக்னு (sock_diag) ஒரு நெட்லிங்க் வழியா கேக்குது, ஃபில்டரையும் சேத்து அனுப்பிடலாம், கெர்னலே சலிச்சு வேண்டியதை மட்டும் பைனரியா குடுக்கும். அதோட ஒவ்வொரு கனெக்‌ஷனோட ஆர்டிடி (பாக்கெட் போய் பதில் வர்ற நேரம்), இதுவரைக்கும் எத்தனை பாக்கெட் ரீட்ரான்ஸ்மிட் ஆச்சு, அதாவது மறுபடி அனுப்பினாங்க, எல்லாம் வரும், ப்ராக் ஃபைல்ல இது ரெண்டும் கிடையாது.

எனக்கு இதைவிட பெருசா தெரியறது டாஸ்க்ஸ்டாட்ஸ், ஒவ்வொரு ப்ராசஸோட கணக்கையும் நெட்லிங்க் வழியா குடுக்கற கெர்னல் வசதி. 2.6.18 கெர்னல்ல, அதாவது 2006ல வந்தது. யோசிச்சுப் பாருங்க, ஒரு பெரிய பில்ட் ஓடுது, கம்பைலர் ப்ராசஸ் ஒவ்வொண்ணும் ஒரு செகண்டுக்குள்ள பிறந்து முடிஞ்சிடுது, நீங்க அஞ்சு செகண்டுக்கு ஒருதடவை ப்ராக்கை சுத்தி வந்தா அதுல முக்காவாசி உங்க கண்ணுலயே படாது, சிபியு மட்டும் நூறு பர்சன்ட்ல நிக்கும், யார் தின்னதுன்னு தெரியாது, ஏன்னா ப்ராசஸ் முடிஞ்சா அதோட ப்ராக் டைரக்டரியும் போயிடும். டாஸ்க்ஸ்டாட்ஸ்ல எந்தெந்த சிபியுன்னு சொல்லி ரிஜிஸ்டர் பண்ணி வச்சா, டாஸ்க் எக்ஸிட் ஆகற நேரத்துல கெர்னலே அதோட மொத்தக் கணக்கையும் உங்க சாக்கெட்டுக்கு அனுப்பும், சிபியு டைம், படிச்ச எழுதின பைட்டு, டிஸ்க்குக்காக காத்திருந்த நேரம் எல்லாம் அதுல இருக்கும். நீங்க கேக்காமலே கெர்னல் தானா வந்து சொல்றது, அதுக்குத்தான் சாக்கெட் வேணும், ஃபைலால அது முடியாது. இன்டர்ஃபேஸ் அப் டவுன் ஆகறது, ரூட் மாறறது எல்லாம்கூட இதே மாதிரி மல்டிகாஸ்ட் க்ரூப்ல (சேந்த எல்லாருக்கும் கெர்னல் ஒரே மெசேஜை அனுப்புற குழு) சேந்துட்டா தானா வரும்.

டாஸ்க்ஸ்டாட்ஸ்ல ரெண்டு விஷயம் கவனிங்க. நெட் அட்மின் கேப்பபிலிட்டி (CAP_NET_ADMIN அனுமதி) இல்லாம வேலை செய்யாது. அப்புறம் 5.14 கெர்னல்லருந்து டிலே அக்கவுண்டிங் (காத்திருந்த நேரத்தைக் கணக்கு வைக்கறது) டீஃபால்ட்டா ஆஃப், அதை ஆன் பண்ணாம காத்திருந்த நேரம் எல்லாம் பூஜ்யமா வந்தா உங்க கோடுல பக்னு தேடிட்டு இருக்காதீங்க.

நெட்லிங்க்ல கஷ்டமும் இருக்கு, மறைக்கல. கெர்னல் தானா அனுப்புற மெசேஜை நீங்க மெதுவா படிச்சா ரிசீவ் பஃபர் நிறைஞ்சு கெர்னல் மெசேஜை விட்டுடும், அடுத்த ரிசீவ்ல ஈநோபஃப்ஸ் (ENOBUFS) எரர் வரும். நிறைய பேர் அதைப் பாத்ததும் சாக்கெட்டை மூடிட்டு ப்ரோக்ராமையே நிறுத்திடறாங்க, அது தப்பு, நடுவுல சிலது போச்சுங்கறதுதான் அதுக்கு அர்த்தம், ரூட், இன்டர்ஃபேஸ் மாதிரி விஷயம்னா முழு லிஸ்ட்டையும் மறுபடி டம்ப் கேட்டு சரி பண்ணிக்கலாம். ஆனா எக்ஸிட் கணக்கு போனா போனதுதான், திரும்பக் கேட்டு வாங்க முடியாது, அதனால அங்க பஃபரை முதல்லயே பெருசா வைங்க, படிக்கறதுக்குன்னே ஒரு த்ரெட் விடுங்க. டம்ப்ல இந்தப் பிரச்சினை இல்ல, நீங்க படிக்கப் படிக்கத்தான் கெர்னல் அடுத்த துண்டை தயார் பண்ணும். ஆனா அந்த இடைவெளில டேபிள் மாறலாம், அதனால டம்ப்பை ஒரே நொடில எடுத்த போட்டோன்னு நம்பக்கூடாது.

இன்னொண்ணு, இன்டர்ஃபேஸ் பைட் கவுண்ட் எடுக்கும்போது நெட்லிங்க் பதில்ல 64 பிட் கவுண்டர் இருக்கற ஸ்டாட்ஸ் 64 (IFLA_STATS64) ஆட்ரிப்யூட்டையே எடுங்க, பழைய 32 பிட் கவுண்டர் 1 ஜிகாபிட் லைன் ஃபுல்லா ஓடினா சுமார் 34 செகண்ட்ல சுத்தி பூஜ்யத்துக்கு வந்துடும், நிமிஷத்துக்கு ஒருதடவை படிக்கற கிராஃப் மொத்தமும் பொய்யாயிடும்.

கத்துக்கணும்னா நேரா கோடு எழுத உக்காராதீங்க, எஸ்எஸ் கமாண்டை ஸ்ட்ரேஸ்ல (strace, ஒரு ப்ரோக்ராம் கெர்னல்கிட்ட என்னென்ன கேக்குதுன்னு காட்டுற டூல்) ஓட்டிப் பாருங்க, புது ஸ்ட்ரேஸ் நெட்லிங்க் மெசேஜை ஃபீல்டு ஃபீல்டா பிரிச்சே காட்டும், அதைப் பாத்துட்டு கெர்னல் சோர்ஸ்லயே டூல்ஸ் அக்கவுண்டிங் ஃபோல்டர்ல இருக்கற கெட்டிலேஸ் (getdelays) ப்ரோக்ராமைப் படிங்க, டாஸ்க்ஸ்டாட்ஸ்க்கு அதைவிட நல்ல எக்ஸாம்பிள் நான் பாத்ததில்ல.